உத்தி கட்டிய அந்திகள்

திருக்குறளில் நட்பைச் சுற்றியே ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன, 79 முதல் 83 வரை. அவற்றில் சில குறள்களை நாங்களும் பள்ளியில் மூச்சுவிடாமல் ஒப்பித்தோம். ஆனால் நட்பைப் பழகியது, பள்ளி விட்டதும் பையைத் திண்ணையில் வீசிவிட்டு ஓடிய தெருவில்தான். சொல்லிக் கொடுக்கப் பெரியவர்கள் யாரும் அங்கே இல்லை. எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்த அண்ணன்களும் அக்காக்களும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

சடுகுடுவோ கிளித்தட்டோ, கட்சி பிரிக்க உத்தி கட்டுவோம். தலைவர்கள் இரண்டு பேரும் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் ஓட்டத்திலும் பலத்திலும் தமக்கு ஈடான ஒருவனைச் சேர்த்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி கொஞ்ச தூரம் போய், காதோடு காதாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். "மல்லிகை வேணுமா, முல்லை வேணுமா?" தலைவன் கண்ணை இடுக்கி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். ஒன்றும் பிடிபடாது. "முல்லை" என்பான். முல்லை அவன் பக்கம், மல்லிகை எதிர்ப்பக்கம்.

எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! பெயர் சொல்லி ஆள் எடுத்தால், நோஞ்சான் பிள்ளை கடைசிவரை நின்று கண் கலங்கும். உத்தியில் அந்த அவமானம் யாருக்கும் இல்லை. அதோடு, காதில் ரகசியம் சொன்ன உயிர்த் தோழனே அன்று முழுக்க எதிராளி. அவனை மடக்கி, மண்ணில் உருட்டி, விளக்கு வைக்கும் நேரத்தில் அதே தோளில் கைபோட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். திரும்பினோம்.

அக்கா இடுப்பிலிருந்து இறங்கிய பொடியனுக்கும் ஆட்டத்தில் இடம் உண்டு. அவன் ஒப்புக்குச் சப்பாணி. ஓடுவான், தொடுவான், எல்லோரையும்விட உரக்கக் கத்துவான். அவன் அவுட்டானால் கணக்கில்லை. அதை யாரும் அவனிடம் சொல்லமாட்டார்கள். பிறகு ஒருநாள் அவனும் உத்திக்கு ஜோடி தேடும் அளவுக்கு வளர்ந்துவிடுவான்.

சண்டை வராமல் இருக்குமா? சுண்டு விரலைக் காட்டினால் கா, இரண்டு விரல் சேர்த்துக் காட்டினால் பழம். புகார் சொல்லப் போனால், "நாளைக்கு நீங்க ஒண்ணாயிடுவீங்க, நடுவுல நான் எதுக்கு?" என்று அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே இருப்பாள். பழம் விட்ட அன்று ஒரு கமர்கட்டைச் சட்டை நுனியில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்து, பெரிய துண்டைச் சண்டை போட்டவனுக்கே கொடுப்போம்.

தேவநேயப் பாவாணர் 1954லேயே தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தனி நூலாக எழுதி வைத்தார். ஆனால் நாங்கள் ஆடிய தெருவில் இன்று இரு பக்கமும் கார் நிற்கிறது. பிள்ளைகள் தங்கள் வயதுக்காரர்களோடு மட்டும், பயிற்சியாளர் விசிலுக்கு விளையாடுகிறார்கள். நல்ல நண்பனாக இருப்பது எப்படி என்று வகுப்பில் படம் காட்டிப் பாடமும் நடக்கிறது. நடக்கட்டும், தப்பில்லை.

ஆனாலும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியிலோ வண்டி நிறுத்துமிடத்திலோ கொஞ்சம் இடம் ஒழித்து, ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக விடுங்கள். உத்தி கட்டுவது எப்படி என்று ஒருமுறை காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சண்டை வரும். நடுவில் போகாதீர்கள்.