முனகல் அடங்கிய பின்

"கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஒரு பொருளை, அதைப்போலப் பல மடங்கு செலவழித்து, ஒரு கோடைகாலம் முழுவதையும் கொடுத்து, நீங்களே ஏன் செய்ய வேண்டும்?" ஹெட்போனில் கேட்பதற்கான வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றை வீட்டிலேயே செய்து முடித்தேன் என்று சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

விடை சொல்லுமுன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அளவுக் கருவிகளைக் கொண்டு சோதித்தால், நகத்தின் அளவேயுள்ள இன்றைய சில்லு ஒன்று, நான் செய்த ஆம்ப்ளிபயரை எளிதில் வென்றுவிடும். தனக்குள் வரும் ஒலியை அது ஏறத்தாழ மாற்றமின்றித் தருகிறது. வால்வோ தன் பங்காகவும் சிறிது சேர்க்கிறது. ஒரு சுரம் உள்ளே சென்றால், அதே சுரத்தின் மேல்ஸ்தாயி மெல்லிய நிழல்போல உடன் வெளிவருகிறது. கணக்குப்படி அது குறை. காதுக்கு அது இனிமை. வால்வின் ஒலியில் ஓர் இதமான வெதுவெதுப்பு இருப்பதாகப் பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நான் அந்த இனிமையைத் தேடிப் போகவில்லை. என் தந்தையைத் தேடிப் போனேன்.

அப்பா 1962ஆம் ஆண்டு தூத்துக்குடியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். அந்நாளில் ரேடியோ என்பது வால்வு ரேடியோதான். அஞ்சல் நிலையத்தில் பணம் கட்டி உரிமம் பெற்றுத்தான் வீட்டில் வைத்திருக்க முடியும். ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால், மாலையில் இலங்கை வானொலியின் பாடல்களைக் கேட்க அந்தத் தெருவே வாசலில் கூடும். அப்படிப்பட்ட பெட்டி பேசாமல் போனால், தெருவுக்கே துயரம். அதைத் தலையில் சுமந்துகொண்டு அப்பாவின் கடைக்கு வருவார்கள். வால்வை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, அதன் உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சைப் பார்ப்பார் அப்பா. குழாயினுள் எஞ்சும் காற்றைப் பற்றிக்கொள்வதற்காகப் பூசப்பட்ட பேரியம் அது. கண்ணாடிபோலப் பளபளத்தால் வெற்றிடம் நிலைத்திருக்கிறது என்று பொருள். பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு இறந்துவிட்டது. "மூச்சு புகுந்தா நமக்கு உயிரு, இதுக்கு மூச்சு புகுந்தாச் சாவு" என்று அவர் சொன்னதைச் சிறுவனாய் இருந்தபோதே கேட்டிருக்கிறேன்.

1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், எங்கள் ஊரை மெல்லத்தான் வந்தடைந்தது. ஆனால் வந்த பின் எதையும் விட்டுவைக்கவில்லை. சட்டைப்பையில் அடங்கும் ரேடியோவைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக வாங்குவது சுலபம் என்றாயிற்று. 1986இல் அப்பா கடையை மூடினார். அதன்பின் மின்விசிறிகளுக்கும் மோட்டார்களுக்கும் காயில் கட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கற்ற கல்வி ஒரு தலைமுறைக்குள் காலாவதியானதைக் குறித்து அவர் ஒரு நாளும் குறைபட்டுக்கொண்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

முதுமையில் அவருடைய செவி மங்கியது. முதுமையில் வரும் செவிக்குறை பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளில் தொடங்கும். உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழும். சகரமும் தகரமும் பகரமும் ஒன்றோடொன்று குழம்பும். குரல் கேட்கும், சொல் விளங்காது. ஆகவே வீட்டில் அனைவரும் அவரிடம் உரத்துப் பேசத் தொடங்கினோம். செவி மங்கியவரிடம் கத்திப் பேசும்போது அன்புகூடக் கோபமாகவே ஒலிக்கிறது. காது கேட்கும் கருவியை அவர் ஏற்கவில்லை. "இனி நான் எதைக் கேக்கணும்?" என்று மறுத்துவிட்டார். எங்கள் உரையாடல் சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா என்ற இரண்டு கேள்விகளுக்குள் சுருங்கிப்போயிற்று.

2022ஆம் ஆண்டுக் கோடையில், பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் அட்டைச் சுருள்களில் பொதிந்த வால்வுகள் இருந்தன. அவற்றில் சில, 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்த பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடையவை. அப்பா ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் வெள்ளி மின்னியது. அவர் முகத்திலும் ஏதோ மின்னியது. அன்றிரவே தீர்மானித்தேன்: இவற்றில் ஒன்றையாவது மறுபடி எரிய வைக்க வேண்டும், அதை அவர் காதாலேயே கேட்க வேண்டும்.

வால்வின் தத்துவம் எளிமையானது. 1904இல் ஆங்கிலேயரான ஃபிளெமிங், காற்று நீக்கிய குழாயினுள் சூடேறிய இழையிலிருந்து ஒரு தகட்டுக்கு மின்சாரம் ஒரே திசையில் பாய்வதைப் பயன்படுத்தி முதல் வால்வை அமைத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் செருகினார். சூடான முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெள்ளமாய்ப் புறப்படுகின்றன; வலையில் ஏற்படும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் அந்த வெள்ளத்தைத் திறக்கிறது, அடைக்கிறது. பெரிய மடையைச் சிறிய கை திறப்பதுபோல. நலிந்த ஒலி வலுப்பெறுவது இவ்வாறுதான். ஒலிபெருக்கிகள் பரவுமுன் வானொலியைப் பெரும்பாலும் ஹெட்போனில்தான் கேட்டார்கள். 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு ஹெட்போன்கள் விற்ற நதானியேல் பால்டுவின், அவற்றைத் தம் வீட்டுச் சமையலறையில் கையாலேயே செய்தவர். ஆகவே வீட்டில் கட்டுவது இத்துறைக்குப் புதிதன்று.

நான்கு வால்வுகள் போதும் என்று முடிவாயிற்று. இரு செவிகளுக்குமான ஒலியைப் பெருக்க ஈசிசி 82 ஒன்று. ஹெட்போனை இயக்கும் வலிமைக்கு ஈசிசி 88 இரண்டு. அந்த இரண்டையும் ஸ்லோவாக்கியாவில் இன்றும் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் புதுப் பொருளாக வாங்கினேன். நான்காவது, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் இஇசட் 80. அது மட்டும் அப்பாவின் பெட்டியிலிருந்தது. டிரான்ஸ்பார்மருக்குச் சுற்றுகளின் கணக்கை அப்பாவே ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் போட்டுக் கொடுத்தார். அவரிடம் தொழில் கற்ற ஒருவர் அதைச் சுற்றித் தந்தார்.

அப்பாவின் விரல்கள் நடுங்குவதால் சால்டரிங் கோலை அவரால் பிடிக்க முடியாது. அவர் நாற்காலியில் அமர்ந்து பார்த்தார், நான் பற்றவைத்தேன். கத்திக் கேட்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு இணைப்பையும் முடித்தபின் பெட்டியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஈயம் நன்றாய் ஓடிப் பளிச்சென்று படிந்திருந்தால் தலையசைப்பார். மங்கலாய்க் குவிந்திருந்தால் விரலால் தொட்டுக் காட்டுவார். "ஈயத்தைச் சுட வைக்காதே, இணைப்பைச் சுட வை. ஈயம் தானா வந்து சேரும்" என்பது அவருடைய பாடம். அந்தக் கோடையில் நாங்கள் பேசிய சொற்கள் குறைவு; பகிர்ந்துகொண்டவை மிகுதி.

இந்த வேலையில் விளையாட்டுக்கு இடமில்லை. பெட்டிக்குள் ஏறத்தாழ 240 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கிறது. சுவிட்சை அணைத்த பின்னும் கண்டன்சர்கள் அதைத் தமக்குள் தேக்கி வைத்திருக்கும். அதை வடித்துவிடுவதற்கென்றே குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும்; போட்ட பின்னும் ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து, வற்றிவிட்டது என்று உறுதி செய்த பின்பே கை வைக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால், ஒரு கை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பார் அப்பா. இரு கைகளும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சின் வழியாகப் பாயும். அலுமினியப் பெட்டியை மூன்றாவது முனையின் வழியாகத் தரையோடு இணைப்பது கட்டாயம். அதற்கும் மேலாக, வால்வுகள் சூடேறி நிலைபெறும் வரை ஹெட்போனைத் துண்டித்தே வைத்திருக்கும் ஒரு ரிலேயும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "இது காதுல வைக்கிற பொருள்" என்றார். அவர் பயந்தது தம் காதுக்காக அன்று. என் பிள்ளைகளும் அதை எடுத்து மாட்டுவார்கள் என்பதற்காக.

முதன்முறை மின்சாரம் கொடுத்தபோது நான்கு வால்வுகளிலும் செம்மஞ்சள் ஒளி எழுந்தது. அரை நிமிடம் கழித்து ரிலே 'டக்' என்றது. ஹெட்போனில் பாட்டு கேட்டது. பாட்டுக்கு அடியில் ஒரு முனகலும் கேட்டது. ரேடியோக்காரர்கள் 'ஹம்' என்று சொல்வது இதைத்தான். கையால் கம்பி இழுத்துக் கட்டும் ஆம்ப்ளிபயர்கள் பலவும் பிறக்கும்போதே இந்த முனகலோடு பிறக்கின்றன. ஸ்பீக்கரில் கேட்டால் தெரியாமல் போகலாம். காதோடு ஒட்டிய ஹெட்போன் எதையும் மறைப்பதில்லை.

ஹெட்போனை அப்பாவின் தலையில் மாட்டினேன். கண்களை மூடிக்கொண்டார். நாங்கள் பேசும் சொற்களைப் பிரித்தறிய முடியாத அந்தச் செவி, தாழ்ந்த அதிர்வுகளை இன்னும் இழக்கவில்லை. சற்று நேரத்தில் சொன்னார்: "இது கண்டன்சர் முனகல் இல்லைப்பா. அது இதுக்கு மேல்ஸ்தாயியில இருக்கும். இது ஹீட்டர் கம்பி."

அதன் பொருளைப் பின்னர் எண்ணிப் பார்த்து வியந்தேன். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. நேர்மின்னாக மாற்றும்போது வடிகட்டப்படாமல் மிஞ்சும் அலை நொடிக்கு 100. அது 50க்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. வால்வைச் சூடாக்கும் கம்பியிலிருந்து கசிவது பெரும்பாலும் அந்த 50தான். கருவி எதுவுமின்றி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியாலேயே சொல்லிவிட்டார். ஹீட்டர் கம்பிகளை இறுக முறுக்கிப் பெட்டியின் மூலையோரமாகக் கொண்டுசென்றேன். டிரான்ஸ்பார்மரைக் கால்வட்டம் திருப்பி வைத்தேன். தரைக் கம்பிகள் அனைத்தையும் ஒரே புள்ளியில் சேர்த்தேன். மூன்று நாட்கள் ஆயின. முனகல் படிப்படியாகத் தேய்ந்து, ஒரு மாலையில் அடங்கியது. ஹெட்போனில் எதுவும் கேட்கவில்லை. அப்பா, "இப்பப் பாட்டைப் போடு" என்றார்.

ஒலியைப் பெருக்குவது கடினமன்று என்பதை அந்த மூன்று நாட்களில் கண்டுகொண்டேன். ஒரு வால்வு அதைச் செய்துவிடும். ஆனால் வால்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. பாட்டைப் பெருக்கும்போது முனகலையும் சேர்த்தே பெருக்குகிறது. வேண்டாததை நீக்கி அமைதியை உண்டாக்குவதே உழைப்பு. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அப்பாவுக்காக நாங்கள் குரலைப் பெருக்கினோம். குரலோடு சேர்ந்து எங்கள் அவசரமும் சலிப்பும் பெருகின. அவருடைய காதில் விழுந்தது பெரும்பாலும் அந்த முனகல்தான்.

அடுத்த வாரம் ஒரு சிறிய மிக்ஸரின் வழியாக மைக் ஒன்றை ஆம்ப்ளிபயருடன் இணைத்தேன். ஒலியின் அளவை மிகக் குறைவாக வைத்தேன். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எஞ்சியிருக்கும் செவித்திறனையும் இழக்கச் செய்யலாகாது அல்லவா? மைக்கை வாயருகே பிடித்து, வழக்கமான குரலில், "அப்பா, அந்த முதல் கடை எங்கே இருந்தது?" என்று கேட்டேன். மின்விசிறியின் இரைச்சலும் தெருவின் ஓசையும் தள்ளி நிற்க, சொல் மட்டும் அவர் செவியைச் சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். கடையின் வாடகை, முதல் வாடிக்கையாளர், கடையை மூடிய அன்று கருவிகளைத் துணியில் சுற்றிய விதம் வரை அன்றிரவு சொன்னார். அவர் எதையும் இழப்பாகக் கருதவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தது எத்தகைய வசதியான நினைப்பு!

இந்த ஆம்ப்ளிபயர் காது கேட்கும் கருவிக்கு மாற்றன்று. அதை அப்பாவும் அறிவார். சில மாதங்களுக்குப் பின் அவராகவே செவிப் பரிசோதனைக்கு வரச் சம்மதித்தார். இப்போது பகலில் சிறு கருவி ஒன்றை அணிகிறார். ஆயினும் மாலையில் வால்வுகளை ஏற்றச் சொல்வார். அவை சூடேற அரை நிமிடம் ஆகும். உடனுக்குடன் எல்லாம் வேண்டும் என்னும் என் பிள்ளைகளும் அந்த அரை நிமிடம் அருகில் அமர்ந்து காத்திருக்கப் பழகிவிட்டார்கள். யாரும் பேசுவதில்லை. ரிலே 'டக்' என்று சொல்லும் வரை அந்தச் செம்மஞ்சள் ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் சொல்வதைக் கேட்பதற்கு முன் இவ்வளவு அமைதியேனும் தேவைப்படுகிறது.