வாணலி முதலில், உலகம் பிறகு!

உலகம் அழியப் போகிறது. ஹீரோ எங்கே? ஒரு பாட்டியின் வாணலியைத் தேடிப் போயிருக்கிறார்!

ஜோக் இல்லை சார். போலந்துக்காரர்கள் 2015-ல் வெளியிட்ட 'தி விட்சர் 3' என்ற வீடியோ கேமில் நிஜமாகவே இப்படி ஒரு கட்டம் உண்டு. கதாநாயகன் கெரால்ட், பிசாசு, பூதங்களை வேட்டையாடிப் பிழைக்கும் வெள்ளைமுடி ஆசாமி. அவன் மகள்போல வளர்த்த சிரியை ஒரு பயங்கரக் கும்பல் துரத்துகிறது. அவளைக் கண்டுபிடிப்பதுதான் மெயின் கதை. வழியில் ஒரு பாட்டி, பூட்டின குடிசையைக் காட்டி, உள்ளே மாட்டிக்கொண்ட தன் வாணலியை எடுத்துத் தரச் சொல்கிறாள். கதவை உடைத்துப் போனால் உள்ளே ஒரு பிணம்! பக்கத்தில் பளபளவென்று தேய்த்த வாணலி.

இதற்குப் பெயர் 'சைடு குவெஸ்ட்'. கிளை வேலை. செய்தால் செய்யலாம், விட்டாலும் கதை முடியும். நான் ஒன்றுவிடாமல் செய்கிற ஜாதி.

ஆபீஸில் பக்கத்து சீட் நண்பருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. "மெயின் கதையை முடிச்சமா, படுத்தமான்னு இல்லாம, கிழவிக்கு எடுபிடி வேலை செஞ்சிட்டிருக்கீங்களே!" என்பார்.

அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. பத்து ஓநாயைக் கொல், ஐந்து மூலிகை பறி என்று ரேஷன் க்யூ மாதிரி இழுக்கிற கிளை வேலைகள் ஏராளம். 2011-ல் வந்த 'ஸ்கைரிம்'மில் கம்ப்யூட்டரே சில்லறை வேலைகளைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஆயுசுக்கும் முடியாது. 1997-ன் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' இன்னும் கூத்து. வானத்தில் ராட்சச விண்கல் தொங்குகிறது. நம்ம ஹீரோ சோக்கோபோ என்ற பறவையை வளர்த்து, ரேஸ் விட்டுக்கொண்டிருக்கலாம். விண்கல் அதுவரை பொறுமையாகக் காத்திருக்கும். நம்ம ஊர் டவுன் பஸ்கூட அத்தனை நேரம் நிற்காது!

ஆனால் 2010-ல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 2' விவரமான கேம். உயிரோடு திரும்புவதே சந்தேகம் என்கிற ஒரு போருக்கு ஆள் சேர்க்க வேண்டும். சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தப் பிரச்னை. ஒருவருக்கு அப்பா, ஒருவருக்கு மகன், ஒருவருக்குத் தங்கை. அதைத் தீர்த்து வைப்பது கட்டாயமில்லை. தீர்க்காமல் போனால் கடைசிப் போரில் அவர்கள் சாகிற வாய்ப்பு அதிகம். அதே சமயம், கப்பல் ஊழியர்களை எதிரிகள் கடத்திப் போன பிறகும் நீங்கள் ஊர் சுற்றினால், கடத்தப்பட்டவர்கள் பிழைக்க மாட்டார்கள். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்துகொள்வதுதான் அங்கே ஆட்டமே.

போன வருஷம் மார்ச் மாதம். ஆபீஸில் கணக்கு முடிக்கும் அமளி. கும்பகோணத்திலிருந்து அப்பா போன் செய்தார். "டிரான்சிஸ்டர் குமிழ் உடைஞ்சு போச்சுடா. மெட்ராஸ்ல கிடைச்சா வாங்கிட்டு வாயேன். அவசரமில்லே."

ரிச்சி தெருவில் ஏழு கடை ஏறி இறங்கி ஒரு குமிழ் வாங்கினேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். மறுநாள் அதை மாட்டிக் கொடுத்ததும், அந்த ரேடியோவை முதல் சம்பளத்தில் வாங்கின கதையை அப்பா சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பாட்டி அதற்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாளாம். அதுவரை நான் கேட்டதே இல்லை. மத்தியானம் முழுக்கப் பேசினார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், கணக்கு நோட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஆவணியில் அப்பாதான் போய்விட்டார்.

'விட்சர் 3'-ல் மெயின் கதை ஒரு கட்டத்தைத் தாண்டினால், செய்யாமல் விட்ட சில கிளை வேலைகள் தோல்வி என்று பட்டியலில் ஏறிவிடும். வாழ்க்கையில் அந்தப் பட்டியலும் கிடையாது. மெயின் கதை என்று நாம் நினைக்கிற ஆபீஸ் ஃபைல், விண்கல் மாதிரி தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். விழாது. 'அவசரமில்லே' என்று சொல்கிறவர்களின் வேலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்தது.

"சார், கேமை முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கேன். அந்த வாணலிப் பாட்டி எந்தப் பக்கம் நிக்கறா?"