அஞ்சு குவிண்டால் நெல்லும் ஒரு தள்ளுவண்டியும்

ஆவணி கடைசியில என் பொண்ணுக்குப் பொம்பளப் புள்ள பொறந்தது. 2 கிலோ 900 கிராம். தாயும் சேயும் நல்லா இருக்காங்க. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு இட்டாந்த அன்னிக்கே எங்க அம்மா நடுக்கூடத்து உத்திரத்துல கயிறு போட்டு, தன்னோட பழைய நூல் புடவையை மடிச்சு ஏணை கட்டிட்டாங்க. இந்தப் பக்கம் தூளிய நாங்க ஏணைன்னுதான் சொல்லுவோம்.

பத்து நாள் கழிச்சு சென்னையில இருந்து மாப்பிள்ளை போன் பண்ணாரு. "மாமா, குழந்தைக்கு ஒரு வண்டி பார்த்திருக்கேன். அனுப்புறேன், பாத்துட்டு சொல்லுங்க"ன்னாரு. படம் வந்தது. நாலு சக்கரம், மேல குடை, கீழ பை வைக்க வலை. விலை 11,900 ரூபாய்.

விவசாயிக்கு எந்த விலையைப் பார்த்தாலும் மனசு உடனே நெல்லுக்கு மாத்திடும். 2025-26க்கு மத்திய அரசு சாதா ரக நெல்லுக்கு வச்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2369 ரூபாய். அப்ப இந்த வண்டி அஞ்சு குவிண்டால் நெல்லு. உழவு, நாத்து, நடவு, களையெடுப்பு, உரம், அறுப்பு மிஷின் எல்லாத்தையும் நினைச்சிக்குங்க.

எங்க அம்மாகிட்ட படத்தைக் காட்டினேன். "இன்னாடா இது?"ன்னாங்க. "குழந்தைய வச்சுத் தள்ளற வண்டிம்மா"ன்னேன். "தள்ளுவண்டியா? புள்ள பெத்தவ காய் விக்கவா போறா?"ன்னு கேட்டுட்டு வெத்தலையை மடிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

எனக்கும் அப்ப அதே நினைப்புதான். இது பட்டணத்து ஜம்பம்னு முடிவு கட்டிட்டேன். ஆனா மாப்பிள்ளை மரியாதையா கேட்டதுக்கு மொட்டையா வேணாம்னு சொல்ல முடியல. மாடு வாங்கினா பல்லைப் பிடிச்சுப் பார்க்கறோம், நடக்க விட்டுப் பார்க்கறோம். வண்டிக்கு மட்டும் படத்தைப் பார்த்துப் பணம் கட்டறதா? தெரிஞ்சவங்க வீட்டுல பெங்களூர்ல இருந்து வந்த பழைய வண்டி ஒண்ணு பரண் மேல கிடந்தது. கேட்டு வாங்கி, டிவிஎஸ் பின்னாடி கட்டி எடுத்துட்டு வந்தேன்.

குழந்தைய அதுல வைக்கல. தலையணை உறையில நாலு கிலோ சாமை அரிசிய போட்டுக் கட்டினேன். ஜமுனாமரத்தூர்ல இருந்து வாங்கினது. அரிசி மூட்டையை வண்டியில உக்கார வச்சு, பெல்ட்டு போட்டு, வாசல்ல இருந்து கழனி வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். தெருவுல இருந்த சின்னப் பசங்கெல்லாம் பின்னாடியே வந்துட்டாங்க.

சிமென்ட் ரோட்டுல ஜோரா போச்சு. மண் பாட்டையில இறங்கினதும் முன் சக்கரம் ரெண்டும் குறுக்க திரும்பி மணல்ல புதைஞ்சது. சின்னச் சக்கரம், அதுவும் சுத்திச் சுத்தித் திரும்பற சக்கரம். தூக்கித் தூக்கித்தான் கொண்டு போகணும். வாய்க்கால் மேட்டுல நிறுத்தி பிரேக்கை மிதிச்சிட்டு, பீடி பத்த வைக்கற நேரம்தான் திரும்பினேன். பிரேக்கு ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருக்கு. வண்டி மெதுவா வளைஞ்சு சரிவுல இறங்கி வாய்க்கால்ல போய் நின்னது. பசங்க கைத்தட்டினாங்க. எனக்குக் கை நடுங்கிப் போச்சு. அரிசிதானே, குழந்தை இல்லையேன்னு நூறு தடவை எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

இன்னொண்ணும் பார்த்தேன். மூட்டை நிமிர்ந்து உக்காரல. சாய்வு சீட்டுல சரிஞ்சு, மேல்பாகம் முன்னாடி கவுந்து மடங்கி இருந்தது. ஊசி போடப் போனப்ப இதை டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அவங்க சிரிக்கல. "அதுதாங்க விஷயமே. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிக்காது. தலை முன்னாடி மடிஞ்சா மூச்சுக்குழாய் அடைபடும். வண்டி வாங்கினா முழுசா படுக்கை மாதிரி விரியணும். உக்கார்ந்த மாதிரி இருக்கறது ஆறு மாசத்துக்கு அப்புறம்தான். பெல்ட்டு தோள் ரெண்டு, இடுப்பு ரெண்டு, கால் நடுவுல ஒண்ணு, அஞ்சு இடத்துல பிடிக்கணும்"னாங்க.

அப்புறம் கேட்டாங்க, "வீட்டுல தூளி கட்டியிருக்கீங்களா?" நான் பெருமையா ஆமான்னேன். "அதுலயும் இதே கதைதான். ஆழமா மடிஞ்சா குழந்தை தாடை நெஞ்சுல முட்டும். ஆட்டித் தூங்க வச்சதும் எடுத்து சமமான பாயில மல்லாத்திப் படுக்க வைங்க. ராத்திரி பூரா அதுல விடாதீங்க"ன்னாங்க. வண்டிக்குக் குத்தம் கண்டுபிடிக்கப் போன எனக்கு வீட்டு ஏணைக்கும் குத்தம் வந்து சேர்ந்தது. அம்மா ஒத்துக்க ரெண்டு நாள் ஆச்சு. இப்ப ஏணையைத் தாழ்வாக் கட்டி, உள்ள குறுக்குக் கட்டை போட்டு அகலமா விரிச்சிருக்கோம். பக்கத்துல ஆள் இல்லாம விடறதில்லை. தூக்கத்துக்குப் பாய்தான்.

இந்த வண்டி எங்க இருந்து வந்ததுன்னு பேரனுக்குப் பேரன் காலத்துக் கதையெல்லாம் ராத்திரி போன்ல தேடிப் படிச்சேன். 1733-ல இங்கிலாந்துல டெவன்ஷயர் பிரபு வீட்டுப் பிள்ளைங்களுக்காக வில்லியம் கென்ட் ஒரு சின்ன வண்டி செஞ்சிருக்காரு. அதை ஆடோ மட்டக்குதிரையோ இழுக்கும். ஆடு நம்ம வீட்டுலயே நாலு இருக்கு, இழுக்குமான்னு தெரியாது. இன்னொரு கதை மனசுல நின்னுச்சு. ஓவன் மெக்லாரன்னு ஒரு விமான இன்ஜினியர். போர்க்காலத்துல ஸ்பிட்ஃபயர் விமானத்தோட சக்கரக் கால்ல வேலை செஞ்சவரு. அவரோட பொண்ணு மாஸ்கோவுல இருந்து கைக்குழந்தையோட வந்தப்ப, கனமான வண்டியை வச்சுக்கிட்டுத் திண்டாடினதைப் பார்த்துட்டு, குடை மாதிரி மடக்கற அலுமினிய வண்டிய 1965-ல செஞ்சாராம். மூணு கிலோகூட இல்ல. அவரும் என்னை மாதிரி ஒரு தாத்தாதான். அவரு பொண்ணோட கையைப் பார்த்திருக்காரு. நான் விலையைப் பார்த்துட்டு இருந்திருக்கேன்.

மறுநாள் பொண்ணுகிட்ட உக்காந்து கேட்டேன். "ஏம்மா, உனக்கு வண்டி எதுக்கு?"

அவ சொன்னது இதுதான். அவங்க இருக்கறது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாப்பிள்ளை காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி ஒன்பது ஆகும். பால் வாங்க, மருந்து வாங்க, தடுப்பூசிக்குப் போக, எதுக்கும் குழந்தையைக் குடுத்துட்டுப் போக ஆள் இல்ல. "இங்க நீ, அம்மா, ஆயா, எதிர்வீட்டு அத்தைன்னு ஆளுக்கு ஒரு கை நீட்டறீங்க. அங்க எனக்கு ரெண்டே கைதான்ப்பா"ன்னா. சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா.

அவ சொன்னப்புறம்தான் எங்க அம்மா அடிக்கடி சொல்ற கதை எனக்குப் புரிஞ்சது. நான் கைக்குழந்தையா இருந்தப்ப மல்லாட்டைக் கொல்லையில களை வெட்டப் போவாங்களாம். வரப்போரத்துப் புங்கமரத்துல ஏணை கட்டி என்னைப் போட்டுட்டு, நாலு பேரு வெட்டினா ஒரு கெழவி ஏணைக் கயித்தை ஆட்டிக்கிட்டே உக்காந்திருக்கும். நூறு நாள் வேலைக்கு 2005-ல சட்டம் போட்டப்பகூட இதை எழுதி வச்சாங்க. வேலை நடக்கற இடத்துக்கு ஆறு வயசுக்குள்ள அஞ்சு பிள்ளைங்களோ அதுக்கு மேலயோ வந்தா, பார்த்துக்க ஒரு பொம்பளையை நியமிக்கணும், அவங்களுக்கும் கூலி உண்டு. ஏணை மரத்துல தொங்கினாலும் அதை ஆட்டற கை ஒண்ணு எப்பவும் இருந்திருக்கு. நான் அந்தக் கையை மறந்துட்டு ஏணை நல்லதா வண்டி நல்லதான்னு வழக்கு பேசிட்டு இருந்திருக்கேன்.

வீட்டுல எல்லாரும் சேர்ந்து கணக்கு போட்டோம். குழந்தை சமமாப் படுக்கற மாதிரி இருக்கற வண்டியெல்லாம் கனம். பத்து கிலோ வண்டியும் குழந்தையுமா மூணு மாடி ஏற இவளால ஆகாது, ஆப்பரேஷன் பண்ண உடம்பு. தூக்க லேசான குடை வண்டி பச்சைக்குழந்தைக்கு ஆகாது. ஆக, அஞ்சு குவிண்டால் நெல்லைக் கொட்டினாலும் இப்போதைக்கு இவளுக்குப் பொருந்தற வண்டி இல்ல. குழந்தை நல்லா உக்கார ஆரம்பிச்சப்புறம் லேசானது ஒண்ணு வாங்கிக்கலாம். கடைக்கே போய், மடக்கிப் பார்த்து, ரெண்டு சக்கரத்துலயும் பிரேக்கு பிடிக்குதான்னு பார்த்து வாங்கறது.

"சரி, அதுவரைக்கும்?"னு கேட்டேன்.

யாரும் பேசல. என் சம்சாரம்தான் மெதுவா, "ஏங்க, நான் போய் இருந்துட்டு வரட்டா?"ன்னு கேட்டா.

எனக்கு உடனே வாய் வரல. கார்த்திகை தீபம் முடிஞ்சு மூணாம் மாசத்துல பொண்ணை அனுப்பறோம். அவகூட இவ போனா மாசி வரைக்கும் வர மாட்டா. தை மாசம் சம்பா அறுப்பு. ரெண்டு கறவை மாடு. வயசான அம்மாவுக்குச் சோறு. இருபத்தெட்டு வருசத்துல அவ அண்ணன் வீட்டுலகூட ஒரு வாரத்துக்கு மேல தங்கினதில்லை. வண்டிக்குப் பணம் கட்டறதுதான் எனக்கு சுலபம். அஞ்சு குவிண்டாலோட போயிருக்கும்.

"போய்ட்டு வா"ன்னேன். வெளிய போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தேன்.

மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிச் சொன்னப்ப அவரு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அத்தை வர்றாங்கன்னா வண்டியே வேணாம் மாமா"ன்னாரு. வேணும் மாப்பிள்ளை, ஆறு மாசம் கழிச்சு வேணும், அத்தைக்கும் முட்டி வலி இருக்குன்னு சொன்னேன்.

இப்ப சாயங்காலம் சாயங்காலம் பாலைக் காய்ச்சி உறை ஊத்தக் கத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு தடவை பொங்கி ஊத்திட்டேன். ரதசப்தமி அன்னிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு நம்ம செய்யாத்துக்கு வருவாரு. வருசா வருசம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். இந்த வருசம் அம்மாவை இட்டுக்கினு நான் மட்டும் போகணும்.

இரவல் வாங்கின வண்டிய பிரேக்கைச் சரி பண்ணி, கழுவித் துடைச்சுத் திருப்பிக் குடுத்துட்டேன். வாய்க்கால்ல நனைஞ்ச சாமையைக் காய வச்சு கோழிக்குப் போட்டாச்சு.