ஆசிரியருக்கு மாணவர் இடும் மதிப்பெண்ணும் ஒரு சாட்சியமே



பருவத் தேர்வு நெருங்கும் நாட்களில், கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளின் கைபேசிக்கு ஒரு படிவம் வந்து சேர்கிறது. ஒவ்வொரு பாடத்திற்கும், அதை நடத்திய ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுமாறு அது கேட்கிறது. மாணவர் கருத்துப் படிவம் என்பது அதன் பெயர். பிள்ளைகள் அதை ஃபீட்பேக் என்கிறார்கள். சில கல்லூரிகளில் அதை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் கிடைக்கும். ஆகவே பலர் கேள்வியைப் படிக்காமலேயே ஒரே வரிசையில் ஐந்து ஐந்தாகத் தொட்டு முடித்துவிடுகின்றனர். கோபமுள்ளவர்கள் ஒன்று ஒன்றாகத் தொடுகின்றனர்.

சென்ற பருவத்தில் நம் அண்ணன் மகள் இப்படிவத்தை வைத்துக்கொண்டு நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சாச்சா, எங்க மேடம் ஒருத்தங்க பாதி பாடம்தான் நடத்துனாங்க. அதை இதுல போட்டா புறம் பேசுன மாதிரி ஆயிடுமா? ஆனா ரொம்ப நல்லவங்க சாச்சா." அவளுடைய தோழியருள் ஒருத்தி எல்லோருக்கும் ஐந்து போடச் சொன்னாளாம், இன்னொருத்தி, இன்டர்னலில் மதிப்பெண் குறைத்தவருக்கெல்லாம் ஒன்று போடச் சொன்னாளாம். இவ்விரண்டுக்கும் நடுவில் அவள் தடுமாறி நின்றாள். மார்க்கப் பற்றுள்ள ஒரு பிள்ளைக்கு இத்தகைய தயக்கம் வருவது இயல்பே. எனினும் அதற்குரிய விடை அவளுக்கு மட்டுமன்றி, அப்படிவத்தைத் தயாரிப்போருக்கும் பயன்படுத்துவோருக்கும் உரியது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

ஒருவருடைய குறையை அவர் இல்லாத இடத்தில் சொல்வது எப்போது அனுமதிக்கப்படும் என்பதை நம் அறிஞர்கள் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அத்தகைய சந்தர்ப்பங்களை ஆறாக வகுத்துள்ளார்கள். அநீதிக்கு உள்ளானவர் முறையிடுவதும், தவற்றைத் திருத்தக்கூடியவரிடம் உதவி கோருவதும் அவற்றுள் அடங்கும். ஆகவே, திருத்தும் பொறுப்பில் உள்ளவர் கேட்கும்போது, திருத்தம் வேண்டும் என்ற எண்ணத்துடன், உண்மையை அளவு மீறாமல் சொல்வது புறம் ஆகாது. அதே செய்தியைக் கேன்டீனில் சிரிப்புக்காகச் சொல்வது வேறு. அவளிடம் நாம் கூறியது இதுவே: "பாதி பாடம் நடந்ததை நீ கண்ணால் கண்டாய், அதைச் சொல். அவர் நல்லவர் என்பதையும் கண்டாய், அதையும் சொல். ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்காதே."

ஆனால் இத்துடன் விஷயம் முடிந்துவிடவில்லை. மாணவர் உண்மை சொல்ல முன்வந்தாலும், அவரால் சாட்சி சொல்லக்கூடிய கேள்வியைத்தான் படிவம் கேட்கிறதா?

இம்முறைக்கு ஏறக்குறைய நூறாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1920களில் ஆசிரியரை மாணவர் மதிப்பிடும் அளவுகோலை உருவாக்கினார். பிரிட்டனில் 2005 முதல் இறுதியாண்டு மாணவரிடம் தேசிய அளவில் கருத்துக் கேட்கப்படுகிறது. நம் நாட்டில், 'நாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய தர மதிப்பீட்டுக் குழு, 2017இல் திருத்திய முறையின்படி மாணவர் திருப்திக் கணக்கெடுப்பை இணைய வழியே நடத்தத் தொடங்கியது. அதிலுள்ள 21 கேள்விகளில், பாடத்திட்டத்தில் எவ்வளவு பங்கு வகுப்பில் நடத்தப்பட்டது என்பது முதற்கேள்வி. கல்லூரியின் தர மதிப்பெண்ணுக்கே மாணவரின் சொல் கணக்கில் சேர்கிறது என்றால், அதை நாம் விளையாட்டாக எண்ண முடியாது.

இந்த மதிப்பெண்கள் எதை அளக்கின்றன என்பதை ஆராய்ந்தவர்கள் கண்டவை நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு நடிகருக்கு டாக்டர் ஃபாக்ஸ் என்று பெயரிட்டு, பெரிய அறிஞராக அறிமுகம் செய்து, மருத்துவக் கல்வி குறித்து உரையாற்றச் செய்தனர். உரையில் முரண்பாடுகளும் பொருளற்ற சொற்களும் வேண்டுமென்றே நிரப்பப்பட்டிருந்தன. ஆனால் பேச்சு நகைச்சுவையும் கவர்ச்சியும் மிக்கது. கேட்டவர்கள் மூன்று குழுக்களைச் சேர்ந்த 55 பேர், கல்வித் துறையிலும் மருத்துவத் துறையிலும் பழகியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் உரையைச் சிறந்ததென்றே மதிப்பிட்டனர்.

2018இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், மருத்துவ மாணவர் குழுக்கள் சிலவற்றுக்கு வகுப்பின்போது சாக்லேட் பிஸ்கட் கொடுக்கப்பட்டது. பிஸ்கட் பெற்ற குழுக்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் இட்டன. குறிப்புகளோ எல்லோருக்கும் ஒன்றே!

பெண் பிள்ளைகளை ஆசிரியப் பணிக்கு ஆர்வத்துடன் அனுப்பும் நம் குடும்பங்கள் அறிய வேண்டிய ஆய்வு ஒன்றும் உண்டு. 2015இல் வெளியான அது அமெரிக்காவின் வட கரோலினாவில், முகம் காணாமல் இணையத்தில் நடந்த ஒரு வகுப்பில் செய்யப்பட்டது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தத்தம் பெயரில் ஒரு குழுவுக்கும், மற்றவர் பெயரில் இன்னொரு குழுவுக்கும் துணையாசிரியராக இருந்தனர். விடைத்தாள்கள் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வேகத்தில் திருத்தித் தரப்பட்டன. இருந்தும் பெண் பெயரைக் கண்ட மாணவர்கள், விரைவாகத் திருத்தித் தருகிறாரா என்ற கேள்விக்குக்கூடக் குறைந்த மதிப்பெண்ணே இட்டனர். அது சிறிய ஆய்வுதான். ஆயினும், கண்ணால் கண்டதைச் சொல்கிறோம் என்று நம்பும் சாட்சியின் மனத்திலும் சாய்வு புகுந்துவிடும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை.

இவற்றினும் நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்தது அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பது குலுக்கல் போல ஒதுக்கப்படுகிறது. தேர்வும் எல்லோருக்கும் பொதுவானது. ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது நல்ல களம். நடப்புப் பாடத்தில் மாணவரை நல்ல மதிப்பெண் பெறச் செய்த ஆசிரியர்களுக்குப் படிவத்திலும் நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால், அவர்களிடம் படித்தவர்கள் அதைத் தொடர்ந்து வரும் மேல்நிலைப் பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினர். அடித்தளத்தை ஆழமாகத் தோண்டச் சொன்ன ஆசிரியரின் அருமை அந்தப் பருவத்திற்குள் தெரிவதில்லை. நம்மில் பலருக்கும் சிறுவயதில் தஜ்வீதை விடாமல் திருத்திய உஸ்தாதின் மதிப்பு, இமாமத்துக்கு நின்ற பிறகுதானே புரிந்தது!

அப்படியானால் படிவமே வேண்டாமா? அவ்வாறு நாம் கூறவில்லை. முதல்வரோ துறைத் தலைவரோ காணாத பலவற்றை மாணவர் மட்டுமே காண்கிறார். ஆசிரியர் நேரத்திற்கு வந்தாரா, குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா, கேள்வி கேட்டவரை இழிவுபடுத்தினாரா, விடைத்தாளைக் குறிப்புடன் திருப்பித் தந்தாரா, பாடம் முழுமையாக நடந்ததா ஆகியவற்றுக்கு மாணவரே முதல் சாட்சி. ஆனால், ஆசிரியரின் புலமை ஆழமானதா, பாடத்திட்டம் காலத்திற்கு ஏற்றதா, தேர்வுத்தாள் தகுதியானதா ஆகியவற்றுக்கு அத்துறை அறிந்த சக ஆசிரியரே சாட்சியாக முடியும். ஒருவரிடம் அவர் காணாததைக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன எண்ணை மற்றவர்களின் எண்ணுடன் கூட்டி வகுத்து, 3.7 என்று தீர்ப்பெழுதுவது நீதியாகாது. பாதிப்பேர் ஐந்தும் பாதிப்பேர் ஒன்றும் இட்டாலும் சராசரி 3. எல்லோரும் மூன்று இட்டாலும் சராசரி 3. இரண்டும் ஒரே வகுப்பறையைக் காட்டுவனவா?

நபிமொழி அறிவிப்பாளர்களை எடைபோட்ட நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஒருவரைக் குறை கூறுபவர் காரணத்தையும் விளக்க வேண்டும் என்று அறிஞர்கள் பலர் நிபந்தனை இட்டனர். காரணம் கேட்டபோது, குறையே அல்லாததைக் குறையாகக் கருதியிருந்தவர்களும் இருந்தனர். ஒரு சொல்லுக்கே அவ்வளவு கவனம் என்றால், காரணம் ஏதுமற்ற வெறும் எண்ணுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

கல்லூரிகளை நடத்தும் குழுக்களில் பொறுப்பு வகிப்போர் நம் வாசகரிலும் உண்டு. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி முதல், 1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரி, சென்னை புதுக்கல்லூரி என நம் சமுதாயம் எழுப்பிய கல்வி நிலையங்கள் பல. அத்தகைய பொறுப்பாளர்களுக்கு நம் வேண்டுகோள் இது: ஓர் ஆசிரியரின் பணி நீட்டிப்பையோ ஊதிய உயர்வையோ இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கனடாவில் டொரோண்டோ நகரின் ரையர்சன் பல்கலைக்கழகத்தில் இது வழக்காகி, பதவி உயர்வுக்கும் பணி நிரந்தரத்துக்கும் கற்பிக்கும் திறனை அளக்க மாணவர் மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது என 2018இல் நடுவர் தீர்ப்பளித்தார். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் பணியாற்றும் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் வேலை போகும் என்று அஞ்சுபவர், கடினமான பகுதியைத் தாண்டிச் செல்வார். இன்டர்னலில் தாராளம் காட்டுவார். வகுப்பைக் கண்டிக்கத் தயங்குவார். படிவத்தில் ஐந்து கிடைக்கும். நம் பிள்ளைக்குக் கல்வி கிடைக்காது. நாம் அஞ்சுவது இதையே.

மாணவரின் பெயர் வெளியாகாது என்ற உறுதியையும் காப்பாற்ற வேண்டும். எழுபது பேர் வகுப்பில் பெயர் இல்லாமல் எழுதுவது எளிது. ஆறு பேர் மட்டுமே உள்ள முதுகலை வகுப்பில் நடையைப் பார்த்தே ஆளைக் கண்டுகொள்வார்கள். அங்கே வேறு வழி தேட வேண்டும்.

பருவம் முடிந்த பின் கேட்பதைவிட நடுவில் கேட்பது மேல். கேட்கப்பட்டவருக்கே அதன் பலன் கிடைக்கும் அல்லவா? நம் மதரஸாவில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டின் நடுவில் ஒரு துண்டுத்தாள் கொடுக்கிறோம். பெயர் எழுத வேண்டியதில்லை. எது நன்றாகப் புரிந்தது, எங்கே தடைபட்டது, எதை மாற்றினால் நல்லது என்ற மூன்றே கேள்விகள். ஒருமுறை பலர் மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்கு ஓதல் கேட்பதில்லை என்று எழுதினர், வரிசைகளை அரைவட்டமாக்கினோம். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வருவதால் பசிக்கிறது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தான். பாடம் பத்து நிமிடம் தள்ளித் தொடங்குகிறது. பாடத்தின் அளவைக் குறைக்கச் சொன்னதை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை வகுப்பில் விளக்கினோம். தம் சொல் படிக்கப்படுகிறது என்று கண்ட பிள்ளைகள் அடுத்த ஆண்டு இன்னும் பொறுப்புடன் எழுதினர்.

பெற்றோரே, படிவம் வரும் நாளில் பிள்ளைகளிடம் சில வார்த்தை பேசுங்கள். கேள்வியைப் படித்த பின் விடையிடச் சொல்லுங்கள். கண்டதை மட்டும் சொல்லவும், காணாததற்கு 'கருத்து இல்லை' என்ற கட்டம் இருந்தால் அதைத் தொடவும் சொல்லுங்கள். மதிப்பெண் குறைத்தவர் மீதுள்ள கோபத்தையும், கூட்டிக் கொடுத்தவர் மீதுள்ள நன்றியையும் சற்று ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் உள்ள எழுதும் கட்டத்தை வெறுமையாக விடாமல், ஒரு குறையும் ஒரு நிறையும் காரணத்துடன் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஆசிரியரின் தோற்றம், பேச்சு வழக்கு, உடை பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வகுப்புத் தோழர்கள் கூடி ஒரே எண்ணை இடத் தீர்மானித்தால், அதில் சேராதிருக்கும் துணிவையும் கொடுங்கள்.

கைபேசியில் இரண்டு நிமிடத்தில் முடியும் இச்செயலில் ஒருவருடைய பிழைப்பும், பின்னால் வரும் மாணவர்களின் கல்வியும் அடங்கியுள்ளன. தமக்கு வேண்டியவரானாலும் வேண்டாதவரானாலும் உள்ளதை உள்ளபடி சாட்சி சொல்லும் மக்களாக நம் பிள்ளைகளை வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக. ஆமீன்.