சாய்ந்த பொன்னி

சேவூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தறிகளும் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலமும் உண்டு. பாதி நிலம் பள்ளத்தில், ஏரிப் பாய்ச்சலில் இருக்கிறது. மீதி மேட்டில், கிணற்றை நம்பி. பட்டு நெய்பவர்களுக்கு வயல் எதற்கு என்று கேட்போருக்குப் பாட்டனார் சொன்ன பதிலையே நாங்களும் சொல்லிவந்தோம்: அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறும், பாவு ஈரம் குடிக்கும், தறி நிற்கும், அந்த மாதத்திலும் உலை வைக்க வேண்டும்.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது தறியும் நின்றது, நெல்லும் சாய்ந்தது. இரண்டு துண்டிலும் வெள்ளைப் பொன்னிதான். பள்ளத்து வயலில் மண் வளம் அதிகம். போதாததற்கு நாங்கள் யூரியாவையும் தாராளமாக இட்டிருந்தோம். ஓங்கி வளர்ந்து கதிர் முற்றிவந்த பயிர் பாய் விரித்தாற்போல் படுத்து, தேங்கிய நீரிலேயே முளைவிட்டது. மேட்டில் சோனியாக நின்றது, பெரும்பாலும் நின்றபடியே அறுவடைக்கு வந்தது.

பொன்னி சாயக்கூடிய ரகம் என்பது உழவர் அறிந்ததே. அதன் பூர்வீகம் கட்டாக்கில் நடந்த இண்டிகா-ஜப்பானிகா நெற்கலப்பு முயற்சி. தைச்சுங் 65-ஐயும் மாயாங் எபோஸ் 80-ஐயும் கலந்ததில் பிறந்து, 1965இல் மலேசியாவில் மாசூரி என்று வெளியாகி, தமிழகம் வந்து பொன்னியாயிற்று. அதிலிருந்து தெரிந்தெடுத்த மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. இத்தனை தூரம் வந்த நெல், எங்களுடைய இரண்டு துண்டுகளில் இருவிதமாக நடந்துகொண்டது.

ரகங்களின் நிலைத்தன்மையை அளக்க ஒரு வழி உண்டு. 1963இல் ஆஸ்திரேலியாவில் ஃபின்லே, வில்கின்சன் இருவரும் 277 பார்லி ரகங்களை வைத்து அதைச் செய்தார்கள். ஓரிடத்தில் ஒரு பருவத்தில் எல்லா ரகங்களும் தந்த சராசரி விளைச்சலே அச்சூழலின் அளவுகோல். சூழல் மேம்படும்போது ஒரு ரகத்தின் விளைச்சல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கோடு வரைந்து பார்ப்பார்கள். 1966இல் எபர்ஹார்ட்டும் ரஸ்ஸலும், கோட்டிலிருந்து விலகாதிருப்பதும் வேண்டும் என்றனர். கோதுமை ஆய்வாளர்களும் இவ்வழியைக் கையாண்டு வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: எங்கும் ஒரேபோல் குறைவாக விளைவதும் நிலைத்தன்மைக் கணக்கில் சேரும்.

ஆனால் எங்கள் கணக்கு வேறு. பள்ளத்து வயல் பல ஆண்டு நல்ல சூழல். மழை மிஞ்சிய ஆண்டில் அந்த வளமே பகையாயிற்று. தறி ஓடும் ஆண்டில் நாலு மூட்டை குறைந்தால் வாங்கிக்கொள்ளலாம். தறி நிற்கும் ஆண்டில்தான் நெல் நிற்க வேண்டும். எத்தனை ஆண்டுச் சராசரியும் இதைச் சொல்லாது.

அடுத்த சம்பாவில் பள்ளத்தில் குட்டை ரகம் நடலாம் என்றார் அண்ணன். அம்மாவுக்குப் பொன்னிச் சோறுதான் வேண்டும். இரண்டு நாள் பேச்சு வளர்ந்தது. கடைசியில் பொன்னி மேட்டுக்குப் போயிற்று, யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். பள்ளத்தில் குட்டை நெல். அதைச் சமைத்த அன்று அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சியை மட்டும் சற்று அதிகமாக வடித்திருந்தார்.