கடலோரக் கடைகளில் ஒரு பிற்பகல்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பொதுவாக இரண்டு காரியங்களைச் செய்வார்கள். மணக்குள விநாயகரைத் தரிசிப்பார்கள். கடற்கரையில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். மூன்றாவதாக ஒரு காரியமும் உண்டு. அதை வீட்டிலுள்ள ஆண்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது உத்தமம். அதுதான் கடை பார்ப்பது!

கவனியுங்கள், கடை 'பார்ப்பது' என்றுதான் சொன்னேன். வாங்குவதற்குப் பணம் வேண்டும். பார்ப்பதற்குக் கண்ணும் காலும் போதும். கடலிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இத்தனை விதமான கடைகள் வேறு எந்த ஊரிலும் சுலபத்தில் அகப்படாது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் புறப்படுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு ஒரு கண் தூங்கி எழும் பழக்கம் இவ்வூர்க் கடைகள் பலவற்றுக்கு இன்னும் உண்டு.

வீடா, கடையா?

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் துய்மா வீதி, சுய்ஃப்ரேன் வீதி, ரொமேன் ரோலன் வீதி என்று பல வீதிகள் கோடு கிழித்தாற்போல் நேராக ஓடுகின்றன. நீலப் பலகைகளில் தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர்கள். இரு பக்கமும் மஞ்சள் பூசிய உயரமான மதில்கள். மதிலுக்கு மேல் கொத்துக் கொத்தாய்க் காகிதப்பூ. 1761-இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து கட்டிய ஊர்தான் இப்போது நாம் பார்ப்பது.

கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்தால் உள்ளே முற்றம். முற்றத்தைச் சுற்றித் தூண்கள். தூண்களுக்கு அப்பால் அறைகள். யாரோ குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தயங்க வேண்டாம். அதுதான் கடை! 'பொட்டீக்' என்று எழுதியிருக்கும். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு வெறும் 'கடை' என்றுதான் அர்த்தம். நம் ஊருக்கு வந்த பிறகுதான் அதற்கு இத்தனை மவுசும் இத்தனை விலையும்.

பருத்திச் சட்டைகள், சாயம் தோய்த்த துப்பட்டாக்கள், தோல் பைகள், ஊதுவத்தி, மெழுகுவத்தி, பீங்கான் கிண்ணங்கள்... ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாம். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் செய்த சாமான்களுக்குத் தனியாகவே கடைகள் இருக்கின்றன. சுடுமண் பொம்மைகளைக் கண்டால் கொஞ்சம் நில்லுங்கள். பக்கத்து வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

அத்தையின் பரீட்சை

ஒரு கடையில் மாமியாரும் மருமகளுமாக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மருமகள் கையில் மேஜை விரிப்பு. ஓரமெல்லாம் நீலப் பூக்கள்.

"அத்தை, எவ்வளவு அழகா இருக்கு பாருங்களேன்! கைவேலையாம்."

அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பூவை அவர் பார்க்கவே இல்லை. விரிப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"பூ நீலம். பின்னாலே பாரு, எல்லாம் ஒரே வெள்ளை நூல். இது மிஷின் போட்ட பூ அம்மா. கையாலே போட்டிருந்தா முன்னாலே இருக்கிற நூல்தானே பின்னாலேயும் வரும்?"

கடைக்காரப் பெண் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறொரு விரிப்பைக் கொண்டுவந்தாள். அதன் பின்பக்கத்திலும் நீலம். முடிச்சு ஒன்றுகூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. விலையைக் கேட்டதும் மருமகள் முகம் வாடிவிட்டது. அத்தையோ, "இது நியாயமான விலைதான். ஆனா நமக்கு எட்டாது" என்று சொல்லி, அதே கைவேலையில் இரண்டு கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டார். இதைவிட நல்ல பாடத்தை எந்தத் தையல் பள்ளிக்கூடத்திலும் கற்றுக்கொள்ள முடியாது.

துணியால் வளர்ந்த ஊர்

புதுவையில் துணியைப் பற்றிப் பேசினால் கதை வெகுதூரம் போகும். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சு வியாபாரத்தை நிலைநாட்டியதே துணிக்காகத்தான். இங்கே அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணிக்கு 'கினே' என்று பெயர். அது கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. அங்கே பிசின் வாங்குவதற்கு அந்தத் துணியையே பணம்போல் கொடுத்தார்கள் என்றால் பாருங்களேன்! தினப்படி நடந்ததை எழுதிவைத்துப் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையும் துணி வியாபாரத்தில் கைதேர்ந்தவர். அவருடைய வீடு, அவர் பெயரிலேயே உள்ள வீதிக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது.

பிறகு ஆலைகள் வந்தன. 1828-இல் சவானா மில், 1898-இல் ரோடியர் மில். சங்கு ஊதினால் ஊரே எழுந்துகொள்ளும் காலம் அது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் 1936 ஜூலை 30-இல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அடுத்த ஆண்டே அந்த உரிமை கிடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலைகள் நொடித்து, கடைசியில் 2020-இல் மூடப்பட்டன. துணியால் பிழைத்த ஊரில் இப்போது துணி விற்கிற கடைகள் ஏராளம். நெய்கிற சத்தம்தான் இல்லை.

ஊசி முனையில் ஜீவனம்

நெசவு போனாலும் ஊசி போகவில்லை. ரொமேன் ரோலன் வீதியில் குளூனி கன்னியர் நடத்தும் பூத்தையல் நிலையத்தை அவசியம் பாருங்கள். பழைய பெரிய மாளிகை அது. உள்ளே பெண்கள் வெள்ளைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு குனிந்திருக்கிறார்கள். ஆறு இழை நூலைப் பிரித்து, ஓரிரு இழையை மட்டும் ஊசியில் கோத்து, ஒரு சின்ன இலைக்கு எத்தனை குத்து! பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கே கண் வலிக்கிறது. தலையணை உறை என்ன விலை என்று கேட்கும்போது, அந்தக் கண்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே எந்தக் கடையிலும், "இதைச் செய்தது யார்? அவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேரும்?" என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் தெரிந்த கடைக்காரர் முகம் மலர்ந்து சொல்வார். மழுப்புகிறவரிடம் நீங்களும் மழுப்பிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

அரவிந்தர் ஆசிரமத்தார் 1959-இல் தொடங்கிய கைக்காகிதப் பட்டறைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே காகிதத்துக்கு மூலப்பொருள் பருத்தித் துணியின் வெட்டுத் துண்டுகள்! அவற்றை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் வாரி எடுத்து, அழுத்திக் காயவைக்கிறார்கள். தையற்காரர் வீசி எறிவது வர்ணக் காகிதமாகி, நம் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையாக வந்து நிற்கிறது. எதையும் வீணாக்காத இல்லத்தரசிகளுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

பர்ஸ் மெலிந்தவர்களுக்கு

'இங்கே எல்லாம் யானை விலை' என்று தோன்றினால் வருத்தப்பட வேண்டாம். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால் நம் தமிழ்த் தெருக்கள். நேரு வீதியில் ஜவுளிக் கடைகள். பெரிய மார்க்கெட்டில் காய்கறி, மீன், பூ, வெற்றிலை. ஞாயிற்றுக்கிழமையானால் மகாத்மா காந்தி வீதியில் நடைபாதை முழுவதும் சந்தை. அங்கே பேரம் பேசலாம்; பேசாவிட்டால்தான் கடைக்காரருக்கு வருத்தம்!

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலைக்குத் திரும்பிவிடுங்கள். அதற்குமேல் அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குழந்தைகளின் கையை விட்டுவிட்டு நிம்மதியாக நடக்கலாம். 1980-களில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்களைக் கொட்டிய பிறகு மணல் வரத்து தடைப்பட்டு, கரை முழுவதும் கருங்கல்லாகிவிட்டது. கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை அமைத்ததும் வடபக்கத்தில் மணல் திரும்பியிருக்கிறது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த பழைய மேரி கட்டடத்தையும் அதே சாயலில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். போனதெல்லாம் போனதுதான் என்று சொல்லிவிட முடியாது போலிருக்கிறது.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கியதைப் பிரித்துப் பாருங்கள். பை நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு கைக்குட்டையாக இருந்தாலும், அதைத் தைத்தவளுக்கு நியாயமான கூலி போயிருக்கும் என்ற நம்பிக்கையோடு வாங்கியிருந்தால், வீட்டில் 'என்ன விலை?' என்று கேட்கிறவர்களுக்குத் தலைநிமிர்ந்தே பதில் சொல்லலாம்.