இரண்டு மில்லிமீட்டர்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

செய்முறைத் தேர்வில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். மலைப்பாதையில் பிசகினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டு வேன் எனக்குக் கற்பித்தது.

என் ஊர் கலசப்பாக்கம். செய்யாற்றங்கரை ஊர். சவ்வாது மலையிலிருந்து பலாவும் புளியும் சாமையும் ஏற்றி வந்து சந்தையில் சேர்ப்பது என் தந்தையாரின் தொழில். எங்கள் வண்டி பழைய ஸ்டாண்டர்டு 20. ஹெரால்டு காரைத் தயாரித்த அதே சென்னை நிறுவனத்தின் வேன். 1980களின் இறுதியில் அங்கு உற்பத்தி நின்றுவிட்டதால் அதற்கு உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2023இல் அதன் பெட்ரோல் எஞ்சின் தேய்ந்து ஓய்ந்தது. கடன் வாங்கி, முறைப்படி அனுமதியும் பெற்று, ஓர் அம்பாசிடரின் 1489 சி.சி. டீசல் எஞ்சினைப் பொருத்தினோம்.

எஞ்சின் உட்கார்ந்தது. ஆனால் அதன் கிராங்க் புல்லிக்கும் கீழே உள்ள குறுக்குச் சட்டத்துக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி. "என்னப்பா, நீ படிக்கிற பிள்ளையாச்சே, இது போதுமா?" என்று தந்தையார் கேட்டார். அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "உரசவில்லையே, போதும்" என்றேன். பட்டறை மேஸ்திரி வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை பலா காத்திராது என்று வண்டியை எடுத்துவிட்டோம்.

ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில், இரண்டாம் கியரில் ஏறும்போது, ரப்பர் கருகும் வாடை வந்தது. இருக்கைகளுக்கு நடுவிலிருக்கும் எஞ்சின் மூடியைத் தூக்கினால், புல்லி சட்டத்தில் தேய்ந்து விளிம்பு கூர்மையாகி, பெல்ட்டை அறுத்திருந்தது. பெல்ட் போனால் தண்ணீர்ப் பம்பு இல்லை, ராடியேட்டர் கொதித்தது. இரண்டு நாள் வண்டி அங்கேயே நின்றது. ஏற்றிய பலாவில் பாதி அழுகிற்று. தந்தையார் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குற்ற உணர்வால் அவசரமாக வழி சொன்னேன்: "சட்டத்தைக் கொஞ்சம் சீவிவிடலாமே!" மேஸ்திரி சிரித்தார். "தம்பி, அது வண்டிக்கு எலும்பு. சட்டை பத்தலன்னு எவனாவது எலும்பைச் சீவுவானா?" சிறிய புல்லி போடலாமா என்றேன். கணக்கை என்னையே போடச் சொன்னார். 150 மி.மீ. புல்லிக்குப் பதில் 125 மி.மீ. புல்லி போட்டால் பம்பின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். மலையேறும் வண்டிக்கு அது ஆகாது.

பிறகு அவர் மூல காரணத்தைக் காட்டினார். இலகுவான பெட்ரோல் எஞ்சினைத் தாங்கிய பழைய ரப்பர்களின் மேல் கனமான டீசல் எஞ்சினை வைத்திருந்தோம். அவை நசுங்கிவிட்டன. அதோடு, பாரம் இழுக்கையில் எஞ்சின் ஒருபுறம் சாயும். பிரேக் பிடித்தால் முன்னோக்கி வரும். நான் அளந்தது உறங்கும் எஞ்சினை. உரசியதோ உழைக்கும் எஞ்சின்.

டீசலுக்கு உரிய புது ரப்பரும், அதன் கீழ் இரும்புத் தகடும் வைத்து முன்பக்கத்தை உயர்த்தினார். முன்பக்கம் மட்டும் உயர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறுமென்று, கியர் பெட்டியின் கீழும் அளவாகத் தகடு வைத்தார். ஃபேன் இறக்கை இடிக்காதபடி ராடியேட்டரைச் சற்று நகர்த்தினார். இப்போது இடைவெளி பன்னிரண்டு மில்லிமீட்டர்.

"போதுமா?" என்று இம்முறை நான் அவரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஏரிக் களிமண்ணை உருட்டி, புல்லிக்கு நேர் கீழே சட்டத்தின்மேல் அப்பினார். பாரத்தோடு மேடேறி, பலமாகப் பிரேக் பிடித்துத் திரும்பினோம். புல்லி செதுக்கியது போக ஏழு மில்லிமீட்டர் களிமண் மிஞ்சியிருந்தது. "இதான் உன் இடைவெளி தம்பி, எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன். இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். விடை சரியாக வரவேண்டுமென்று செய்முறைப் பதிவேட்டில் அளவுகளைத் திருத்தி எழுதும் பழக்கம் எனக்கு இருந்தது. நம்மில் பலருக்கும் உண்டென்பதைப் பேராசிரியர்கள் அறிவார்கள். அந்தப் பழக்கம்தான் அன்று "போதும்" என்று என்னைச் சொல்ல வைத்தது. அந்தக் களிமண்ணைக் கண்ட பிறகு நான் எந்த அளவையும் திருத்தியதில்லை. மதிப்பெண் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் வேன் இன்றும் மலையேறுகிறது.